கடல் கடந்தவர் எழுதிய வரலாறு

அயல்நாடு சென்று மீண்டவர் பலர். கண்டதை எழுதி வைத்தவர் சிலர். அச்சிலருள்ளும் தம்மைப் பின்னிறுத்தி, தாம் கண்ட மக்களை முன்னிறுத்தியவர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான ஏ. கே. செட்டியாரைப் பற்றி இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த கருப்பன் செட்டியார் 1911-இல் பிறந்தவர். இளமையிலேயே பர்மா சென்று, இரங்கூனில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அவ்வட்டாரத்திலிருந்து கடல் கடந்தோர் பெரும்பாலும் வாணிகத்துக்கும் வட்டித்தொழிலுக்குமே சென்றனர். இவரோ புகைப்படக் கலை பயில்வதற்காக ஜப்பானுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார்.

1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்தநாள். அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்த செட்டியாருக்கு, அடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் தோன்றியது. முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். அரசின் ஆதரவும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ மூன்றாண்டுகள், இலட்சம் மைல் அளவுக்கு அலைந்தார். பலர் பல காலங்களில் எடுத்திருந்த படச்சுருள்களை நாடு நாடாகத் தேடி, சுமார் 50,000 அடி திரட்டினார். அவற்றிலிருந்து தொகுத்த படம் 1940-இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. ஆங்கில வடிவம் 1953-இல் அமெரிக்காவில் உருவாயிற்று.

இவ்வளவு உழைப்பில் பிறந்த படம் பின்னர் நெடுங்காலம் காணக் கிடைக்காமல் போயிற்று. ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று இந்த நூற்றாண்டில்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஆனால் படம் உருவான வரலாறு மறையவில்லை. அதனை அவரே தமிழில் எழுதியிருந்தார். அக்கட்டுரைகள் அவர் 1983-இல் மறைந்த பின்னர் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாயின. படச்சுருள் மறைந்த இடத்தில் ஏடு நின்று சான்று பகர்ந்தது.

இதைவிடப் பெரியதாக நான் மதிப்பது வேறொன்று. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். பிஜித் தீவுகளுக்கும் கரிபியன் நாடுகளுக்கும் இவ்வாறே பலர் சென்றனர். அரசின் ஏடுகளில் அவர்கள் எண்களாகவும் கூலிக் கணக்காகவும் நிற்கின்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் நாடுகளுக்குச் செட்டியார் சென்றார். 'கரிபியன் கடலும் கயானாவும்' போன்ற நூல்களால் அவர்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். சிறு சிறு வாக்கியங்கள், மெல்லிய நகை, ஆரவாரமின்மை: இவையே அவர் நடை.

பயணியாகச் சென்றவர் காண்பது ஒன்று. பிழைக்கச் சென்றவர் காண்பது மற்றொன்று. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938-இல் சுமத்திராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றார். ஜப்பானியர் ஆட்சியையும் போரின் அழிவையும் அப்பகுதியில் வாழ்ந்தே அறிந்தார். 1946-இல் திரும்பிய அவர், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல்களைப் படைத்தார். அங்குள்ள கடைத்தெருவும், பல மொழி கலந்த பேச்சும், ஊர் நினைவில் வாடும் உள்ளமும் அவற்றில் உயிர்பெறுகின்றன.

இத்தகைய நூல்களை எவ்வாறு பயில்வது? ஆசிரியர் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, எந்த ஆண்டில் எழுதினார் என்று முதலில் வினவுங்கள். பயண நூலை அரசு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். நாவலில் நாள் கணக்கைத் தேடாமல், வாழ்வின் இயல்பைத் தேடுங்கள். அப்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும்.

மாணவ நண்பர்களே, பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ திரும்பிய குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கலாம். பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் அவர்கள் பெட்டிகளில் மக்கிக்கொண்டிருக்கலாம். முதியோரை அணுகிக் கேளுங்கள். நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். செட்டியாரும் சிங்காரமும் எழுதியதால் நாம் அறிந்தது இவ்வளவு. எழுதப்படாமலேயே அழிந்துபோவது எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.