பரம்நெட்: வழங்கியின் சுமையை ஏற்ற அட்டை

பரம்நெட் என்பது சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையம் தன் மீத்திறன் கணினிகளுக்காக உருவாக்கிய உள்வலையமைப்பு ஆகும். வழங்கியின் செயலி (சர்வர் பிராசசர்) செய்துவந்த தகவல் தொடர்பு வேலையில் பெரும்பகுதியை அட்டையிலுள்ள தனிச் சில்லுக்கு மாற்றியது இதன் சிறப்பு. இதன் இரண்டாம் தலைமுறை, ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவில், பரம் பத்மா கணினியில் செயல்பட்டது.

பிரச்சினை பழையது. வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், வழக்கமான 1500 பைட் அளவில் வந்தால்கூட, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் ஒரு வினாடியில் வந்து சேரும். ஒவ்வொன்றையும் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, உரிய நிரலின் நினைவகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு கிகாபிட் தரவைக் கையாள ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலித்திறன் தேவை என்ற தோராயக் கணக்கு பொறியாளர்களிடையே புழங்கியது. ஆனால் சுமை எங்கே இருக்கிறது என்பதில் பலரும் தவறினர். டேவிட் கிளார்க், வான் ஜேக்கப்சன் உள்ளிட்டோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, டிசிபி நெறிமுறையின் கணக்கீடு சிறிதே என்றும், தரவை நினைவகத்தில் இடம் மாற்றி நகலெடுப்பதும் இயங்குதளத்தின் குறுக்கீடுகளுமே பெருஞ்செலவு என்றும் காட்டியது.

பரம் பத்மா இந்தச் செலவையே குறிவைத்தது எனலாம். நான்கு செயலிகள் கொண்ட 54 வழங்கிகளும், 32 செயலிகள் கொண்ட ஒன்றுமாக 248 பவர்4 செயலிகள் அதில் இருந்தன. அவற்றை இணைத்த பரம்நெட்-2 வினாடிக்கு 2.5 கிகாபிட் வேகமுடையது. சி-டாக் வடிவமைத்த சிசிபி-3 என்ற தொடர்புத் துணைச்செயலி அதன் அட்டையில் இருந்தது. நிரல், இயங்குதளத்தின் கருவை ஒவ்வொரு முறையும் நாடாமல், நேரே அட்டையிடம் பணியை ஒப்படைக்கும் முறை இது. இதற்கான மென்பொருள் அடுக்கின் பெயர் க்ஷிப்ரா. வடமொழியில் விரைவு என்று பொருள். 2003 ஜூன் மாத டாப்500 பட்டியலில் பரம் பத்மா 171ஆம் இடம் பெற்றது.

அதே ஆண்டுகளில் பொது வழங்கிகளுக்காக டிசிபி முழுவதையும் அட்டைக்கு மாற்றும் முயற்சி உலகெங்கும் நடந்தது. அது பெரிதாக நிலைக்கவில்லை. குறுகிய இணைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் இணைய வழங்கியில், ஒவ்வோர் இணைப்பையும் அட்டைக்குக் கைமாற்றும் செலவே மிச்சத்தை விழுங்கியது. அட்டையின் நினைவகமும் குறைவு. அட்டைக்குள் பிழை இருந்தால் இயங்குதளத்தால் திருத்த முடியாது. செயலிகளோ ஆண்டுதோறும் வேகமெடுத்தன. லினக்ஸ் கரு உருவாக்குநர்கள் இதை ஏற்க மறுத்தனர். மைக்ரோசாப்ட் 2006இல் விண்டோஸ் சர்வர் 2003க்கு அளித்த ‘சிம்னி’ வசதி பின்னர் கைவிடப்பட்டது. சரிபார்ப்புக் கூட்டல், 64 கிலோபைட் தரவைச் சுமார் 45 பொதிகளாக வெட்டுதல் போன்ற சிறு வேலைகள் மட்டும் அட்டையிலேயே தங்கிவிட்டன. இன்று சாதாரண வழங்கி அட்டைகளிலும் இவை உண்டு.

பரம்நெட்டுக்கு அந்தச் சிக்கல்கள் இல்லை. இரு முனைகளும் ஒரே நிறுவனத்துடையவை, எத்தனை கணுக்கள் என்பது முன்பே தெரியும், கம்பியும் குட்டை. 2008இல் புனேயில் நிறுவப்பட்ட பரம் யுவாவில் மூன்றாம் தலைமுறை, 10 கிகாபிட் வேகத்தில், ஜெமினி என்ற துணைச்செயலியுடன் வந்தது.

மேகக் கணிமை வளர்ந்தபின் இந்தச் சிந்தனை வணிக உலகுக்கும் திரும்பியது. வாடகைக்கு விடவேண்டிய செயலி நேரத்தை வலையமைப்பு வேலை தின்பதைத் தவிர்க்க, அமேசான் 2017இல் நைட்ரோ அட்டைகளை அறிவித்தது. இந்தியாவில் தேசிய மீத்திறன் கணிமை இயக்கத்தின்கீழ் சி-டாக் உருவாக்கும் அடுத்த உள்வலையமைப்பு திரிநேத்ரா எனப்படுகிறது.