வரகு ஏன் நம்ம காட்டை விட்டுப் போச்சு?

கோயில் குடமுழுக்கின்போது பழைய கலசத்து வரகைக் கொட்டிவிட்டுப் புது வரகு நிரப்புவதைப் பார்த்திருப்பீங்க. அது இடியைத் தாங்கும் என்று சிலர் சொல்வாங்க. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. உமியோடு கிடந்தால் நெடுநாள் கெடாத தானியம், பஞ்சத்தில் விதைக்கு ஆகும் என்று பெரியவங்க நினைச்சிருக்கலாம். இப்போ அந்தக் கலசத்துக்கே வரகைக் கடை கடையாகத் தேட வேண்டியிருக்கு.

ஒரு காலத்தில் அதுதான் ஊர்ச் சோறு. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள்ளு, அவரை இந்த நாலைத் தவிர வேறு உணவில்லை என்கிறார். முதலில் நிற்பது வரகு, கவனிச்சீங்களா? ஔவையாருக்குப் புல்வேளூர்ப் பூதன் போட்டதும் வரகரிசிச் சோறுதான் என்று கதை உண்டு. பெரம்பலூர், அரியலூர், விழுப்புரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் துவரையோடு சேர்த்து விதைப்பாங்க. ஏறக்குறைய நாலு மாதப் பயிர். உரம் கேட்டு அழாது. நடுவில் மழை ஏமாற்றினாலும் தாக்குப் பிடிக்கும்.

இவ்வளவு நல்ல பயிர் ஏன் போச்சு? பம்புசெட்டு, பணப்பயிர், ரேஷன் அரிசி எல்லாமே காரணந்தான். ஆனா எனக்குப் பெரிசாகத் தெரிவது குத்துற வேலை. வரகின் உமி அரிசியை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். மண் திரிகையில் திரித்து, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி திரித்து, பிறகு உரலில் தீட்ட வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் பாடு. அத்தனையும் பெண்கள் தலையில். நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில்லு வந்தது. வரகுக்கு வரலை. நாம காட்டுக் கணக்கைப் பார்த்தோம், முற்றத்துக் கணக்கை யாரும் பார்க்கலை. நெல்லுச் சோறு கிடைத்ததும் அந்தப் பெண்கள் திரிகையை ஓரமாக வைத்ததில் என்ன தப்பு?

ஆராய்ச்சியும் தாமதமாகத்தான் வந்தது. நெல்லுக்கு அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் 1965-ல் ஆரம்பம். சிறுதானியங்களுக்கென்று தனியாக வந்தது 1986-ல். இருபத்தொரு வருஷம் பிந்திய பந்தி!

இன்னொரு சங்கதியையும் மறைக்காமல் சொல்லணும். வரகு சில சமயம் மயக்கம் கொடுக்கும். 'கிறுக்கு வரகு' என்று நம்ம பாட்டிமார் தள்ளி வைப்பாங்க. அது பேய் வேலையும் இல்லை, வரகின் குணமும் இல்லை. கதிர் ஈரத்தில் மாட்டினால் ஒருவகைப் பூசணம் பிடிக்கும். அது உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம்தான் நஞ்சு என்பதை 1985-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் செத்துப்போச்சே, அவற்றின் உடலிலும் இந்த நஞ்சுதான் இருந்தது. அதனால் அறுவடை மழையில் நனைந்தால் நன்றாகக் காயவைக்காமல் பட்டறை போடாதீங்க. பூசணம் கண்ட தானியத்தைக் கழுவினாலும் வேகவைத்தாலும் சரியாகிவிடும் என்று நம்பாதீங்க. மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து பட்டணத்தில் வரகரிசிக்குக் கிராக்கி கூடியிருக்கு. ஆனா காசு உமி நீக்குகிற இடத்தில்தான் நிற்குது. நாம உமியோடு மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டு, அரிசியாக ஒரு கிலோ பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். சிறுதானியத்துக்கென்றே உமி நீக்கும் சின்ன எந்திரங்கள் இப்போ வந்துவிட்டன. பத்துப் பேர் சேர்ந்தால் ஊரிலேயே ஒன்று போடலாம். வாங்குமுன் உங்க வரகிலேயே இருபது கிலோ கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க. முழு அரிசி எத்தனை, நொய் எத்தனை, உமி போகாமல் நின்றது எத்தனை என்று தனித்தனியாக எடை போட்டுக்கிட்டு, அப்புறம் விலை பேசுங்க. அரைக்கப் போகிற பெண்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க.