கங்காணி பெயரைக் கேளுங்கள்

"உங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊரு?" என்று மாசாய் வட்டாரத்தில் கேட்டால், "தமிழ்நாடு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது ஊர் அல்லவே!

நம் முன்னோரில் பலர் தனி ஆளாக வரவில்லை. கங்காணி தம் சொந்த ஊருக்கே போய், பங்காளி, மாமன், மச்சான் என்று கூட்டமாக அழைத்து வந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்தில் அவருக்குத் தலைக்காசு உண்டு. குடும்பத்தோடு வந்தவன் லேசில் ஓடிப்போக மாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு தடுத்ததும் அந்த வழி அடைபட்டது.

ஆகவே கங்காணி பெயர் தெரிந்தால் ஊர் பாதி தெரிந்த மாதிரி. லயத்தில் அடுத்த வீட்டில் யார் இருந்தாங்க, தாய்மாமன் சீர் யார் செஞ்சாங்க, குலதெய்வம் எது என்று கேளுங்கள். என் எண்ணத்தில் குலதெய்வமே நல்ல தடயம். குமாஸ்தா எழுதிய பெயரில் எழுத்து மாறியிருக்கும், சாமி மாறாது. பழைய பிறப்புப் பத்திரத்தையும் பாருங்கள், தோட்டத்தின் பெயர் இருக்கக்கூடும்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து ஆட்கள் பாசிர் கூடாங், பிளந்தோங் என்று சிதறிவிட்டார்கள். விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்க. பாட்டிக்கு 80 தாண்டிவிட்டது என்றால் இந்த வாரமே போங்க.