எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ் (புதினம்)

எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ் என்பது 1996 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆங்கிலத் துப்பறியும் புதினம் ஆகும். இதனை எழுதியவர் சார்லஸ் டாட். இது அமெரிக்காவைச் சேர்ந்த தாய், மகன் இருவரின் கூட்டுப் புனைபெயர் ஆகும். தாயான கரோலின் டாட் 2021 இல் காலமானார். முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய ஸ்காட்லாந்து யார்டு ஆய்வாளர் இயன் ரட்லெட்ஜ் இதன் கதைத்தலைவர். இவரை மையமாகக் கொண்டு பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட புதினங்கள் வெளிவந்தன. இந்நூல் சிறந்த முதல் புதினத்திற்கான எட்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

பின்னணி

போருக்கு முன் ரட்லெட்ஜ் திறமையான துப்பறிவாளராகப் பெயர் பெற்றிருந்தார். 1916 இல் சொம் போர்முனையில், ஹேமிஷ் மெக்லியாட் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் தம் வீரர்களை மீண்டும் சாவுக்கு இட்டுச்செல்ல மறுக்கிறார். அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு, அதிகாரியான ரட்லெட்ஜ் மீது விழுகிறது. உடனே பீரங்கிக் குண்டொன்று வெடித்து ரட்லெட்ஜ் மண்ணில் உயிரோடு புதைகிறார். அருகில் கிடந்த ஹேமிஷின் உடல் உண்டாக்கிய சிறு காற்றிடைவெளியே அவரைப் பிழைக்க வைக்கிறது. அன்று முதல் ஹேமிஷின் குரல் அவருக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது, மணம் முடிக்கவிருந்த ஜீன் என்ற பெண்ணும் விலகியிருந்தார்.

கதை

1919 சூன் மாதம் ரட்லெட்ஜ் பணிக்குத் திரும்புகிறார். வார்விக்சயரில் உள்ள அப்பர் ஸ்ட்ரீதம் என்ற கற்பனைச் சிற்றூரில் கர்னல் ஆரிசு என்பவர் காலையில் குதிரையேற்றம் சென்றபோது சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்கு உள்ளாகும் கேப்டன் வில்டன், விக்டோரியா சிலுவை பெற்ற விமானி; அரச குடும்பத்திற்கு வேண்டியவர். அவருக்கு எதிரான முக்கிய சாட்சி டேனியல் இக்கம், போர் அதிர்ச்சியால் நிலைகுலைந்து குடியில் மூழ்கிய முன்னாள் படைவீரர். ரட்லெட்ஜின் நோயை அறிந்த மேலதிகாரி பவுல்சு, அவர் தோற்கட்டும் என்றே இவ்வழக்கை அவரிடம் ஒப்படைக்கிறார்.

புதினத்தின் உயிர்நாடி இங்குதான் உள்ளது. பித்தன் என்று இக்கமின் சாட்சியத்தைத் தள்ளினால், ரட்லெட்ஜ் தம் சொல்லையும் தள்ளியவர் ஆகிறார். ஏற்றால் ஒரு போர்நாயகன் தூக்குமேடைக்குச் செல்ல நேரலாம். ஊரார் இக்கமைப் பார்க்கும் பார்வையில், உண்மை வெளிப்பட்டால் தமக்கு என்ன நேரும் என்பதையும் அவர் காண்கிறார். (கொலையாளி யார் என்பது படிப்போர் நலன் கருதி இங்கே தரப்படவில்லை.)

போர் அதிர்ச்சி

அக்காலத்தில் இந்நோய் 'ஷெல் ஷாக்' எனப்பட்டது. சார்லஸ் மையர்சு என்ற மருத்துவர் 1915 இல் லான்செட் இதழில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். பலர் இதனைக் கோழைத்தனம் என்றே கருதினர். கடமை தவறல், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பிரித்தானிய, பொதுநலவாய வீரர்களுக்கு 2006 இல்தான், அதாவது இந்நூல் வெளிவந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே, சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. சுடச்சொன்ன அதிகாரிகளின் மனநிலை குறித்து அச்சட்டம் எதுவும் கூறவில்லை. இப்புதினம் அதைப் பற்றியே பேசுகிறது.

போர் அதிர்ச்சிக்கு உள்ளான துப்பறிவாளர் என்பது புதிதன்று. டாரதி சேயர்சு 1923 இல் எழுதிய 'ஹூஸ் பாடி?' புதினத்தின் பீட்டர் விம்சிக்கும் இந்நோய் உண்டு. ஆனால் அங்கு அது சில பக்கங்களே வந்து போகிறது. இங்கோ ஹேமிஷ் ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறார். அவர் ஆவி அல்லர். ரட்லெட்ஜின் குற்றவுணர்வே அவர். எனினும் ரட்லெட்ஜ் கவனிக்கத் தவறியதை அவரே சில வேளைகளில் சுட்டிக்காட்டுகிறார். வழக்கு முடியும்போதும் குரல் ஓய்வதில்லை. அதனுடனேயே வேலை செய்ய இயலும் என்பதே ரட்லெட்ஜ் அடையும் குணம். இத்தொடரில் 2000 இல் வெளியான 'லெகசி ஆஃப் த டெட்' நூலில், ஹேமிஷ் காதலித்த பியோனா என்ற பெண்ணை அவர் நேரில் சந்திக்க நேர்கிறது.