புதுச்சேரிக் கருவூலம்: உப்புப் பணமும் கடன் உரிமையும்

புதுச்சேரியின் வரவு செலவுக் கணக்கில் வெளியிலிருந்து வரும் தொகைக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் உப்பு. 1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில், உப்பிலும் அபினியிலும் ஆங்கிலேயரின் ஏகபோகத்துக்கு பிரான்ஸ் இசைந்தது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பெற்றது. 1818-இல் ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தத்தால் உப்பு விளைவிப்பதே நின்றது. உப்பள உடைமையாளர்களின் இழப்பை ஈடுகட்ட ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தர ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். கடலை வாசலில் வைத்திருந்த ஊர், தன் அடுப்படிக்கு வேண்டிய உப்பையும் அவர்களிடமே அடக்க விலைக்கு வாங்கியது. அதைப் பக்கத்து ஆங்கிலேயப் பகுதியின் விலையையொட்டி விற்றதில் கிடைத்த லாபம் பிரெஞ்சு நிர்வாகத்தின் வருவாயாயிற்று.

1879-இல் அமைந்த பொதுமன்றத்துக்கு உள்ளூர் வரவு செலவை வாக்கெடுத்து நிறைவேற்றும் உரிமை கிடைத்தது. குடியேற்ற நாடுகள் தங்கள் சிவில் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என 1900-ஆம் ஆண்டின் பிரெஞ்சு நிதிச் சட்டம் விதித்தது.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டம் புதுச்சேரிக்குச் சட்டப்பேரவையையும் தனித் தொகுப்பு நிதியையும் தந்தது. ஆனால் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் பெற்ற பிறகே ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைக்க முடியும். டெல்லியின் ஒப்புதல் தாமதமான ஆண்டுகளில், மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி பெற்று, முழு பட்ஜெட்டைப் பின்னர் தாக்கல் செய்யும் வழக்கம் நிலவியது.

பற்றாக்குறையை மத்திய அரசின் மானியமும் கடனும் நிரப்பிவந்தன. 2007 டிசம்பர் 17 முதல் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கு தொடங்கப்பட்டது. அதன்பின் மாநிலங்களைப் போல ரிசர்வ் வங்கி வழியாகக் கடன் பத்திரம் விற்றுச் சந்தையில் பணம் திரட்டுகிறது. உரிமையோடு வட்டிச் சுமையும் வந்து சேர்ந்தது.

ஆயினும் மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பங்கிடும் நிதிக்குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி இல்லை. ஜிஎஸ்டி மன்றத்தில் உறுப்பினராக இருந்தும், மத்திய மானியத்துக்கு அது ஆண்டுதோறும் டெல்லியின் முடிவையே எதிர்பார்க்கிறது. 2025-26 பட்ஜெட்டின் அளவு 13,600 கோடி ரூபாய். மாநிலம்போல் கடன் வாங்கி வட்டி கட்டும் அரசுக்கு, மாநிலம்போல் வரிப் பங்கும் உறுதியாகக் கிடைப்பதே நியாயம்.