3,600 முறை சுண்டினால்

புள்ளியியல் வாத்தியாராகவே காலம் தள்ளியவன் நான். ஈருறுப்புப் பரவலை ஒரு பாடமாகவும் இயல்நிலைப் பரவலை அடுத்த பாடமாகவும் நடத்தி முடித்து, "எண்ணிக்கை பெரிசா இருந்தா அதுக்குப் பதிலா இதைப் போட்டுக்கலாம்" என்று சொல்லும்போது முன் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அப்போ ரெண்டும் ஒண்ணா சார்?"

பாடநூலில் இதற்குப் பதில் இல்லை. மணி வடிவ வளைகோடு எங்கிருந்தோ தனியாக வந்தது போலவும், ஈருறுப்புக் கணக்குக்குப் போனால் போகிறது என்று கைகொடுத்தது போலவும்தான் அதில் எழுதியிருக்கும். நடந்தது நேர் எதிர். அந்த வளைகோடு பிறந்ததே ஈருறுப்புக் கணக்கைப் போட்டு முடிப்பதற்காகத்தான். பிறந்த ஊர் லண்டன், தேதி 1733 நவம்பர் 12. கணக்கைப் போட்டவர் வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்துப் பிழைத்த பிரெஞ்சு அகதி ஒருவர், ஆப்ரஹாம் டி மோய்வர்.

கணக்கு என்னவோ சாதாரணமானதுதான். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஆறு தலை விழ நிகழ்தகவு என்ன? 1,024-இல் 210. பள்ளிப் பிள்ளை போட்டுவிடும். இதையே 3,600 முறை சுண்டி, தலைகள் 1,770-க்குக் குறையாமலும் 1,830-ஐத் தாண்டாமலும் இருக்க நிகழ்தகவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். 61 உறுப்புகளைக் கூட்ட வேண்டும். நடு உறுப்பின் கெழு மட்டும் 1,082 இலக்கம். இறகுப் பேனாவை வைத்துக்கொண்டு யார் போடுவது?

டி மோய்வருக்கு முன்னால் இதில் மாட்டிக்கொண்டவர் பேசல் நகரத்து ஜேக்கப் பெர்னூலி. மூன்று வெள்ளைக்கு இரண்டு கறுப்பு என்ற விகிதத்தில் கூழாங்கற்கள் போட்ட ஜாடி. கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். எத்தனை முறை எடுத்தால், நமக்குக் கிடைக்கும் விகிதம் 50-இல் 29-க்கும் 31-க்கும் இடையில் இருக்கும் என்று ஆயிரத்துக்கு ஒன்று பந்தயம் கட்டலாம்? அவருக்குக் கிடைத்த விடை 25,550. அவர் 1705-இல் இறந்தபின் 1713-இல் வெளிவந்த புத்தகம் கிட்டத்தட்ட அந்த எண்ணோடு நின்றுவிடுகிறது. நிரூபணத்தில் குறையில்லை. ஆனால் எந்த மனிதன் உட்கார்ந்து 25,550 முறை கல் எடுப்பான்?

டி மோய்வர் 1667-இல் பிரான்சின் வித்ரி-லெ-பிரான்சுவாவில் பிறந்தவர், புராட்டஸ்டண்ட். 1685-இல் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை ரத்து செய்ததும் அந்த மதத்தாருக்கு அங்கே இடமில்லாமல் போனது. இவர் சிறைவாசமும் அனுபவித்து, இருபது வயதை ஒட்டி லண்டன் வந்து சேர்ந்தார். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரத்தில் படிப்பதற்காக நியூட்டனின் பிரின்சிப்பியாவைத் தாள் தாளாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராம். 1697-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனுக்கு நண்பர். இவ்வளவு இருந்தும் பல்கலைக்கழக வேலை கடைசிவரை கிடைக்கவில்லை, அயல்நாட்டுக்காரர் அல்லவா. டியூஷன் போக மீதி நேரத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருந்த ஸ்லாட்டர்ஸ் காபிக் கடையில் உட்கார்ந்து, சூதாடிகளுக்கும் ஆயுள்வரை ஆண்டுத்தொகை விற்பவர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்கினார்.

அந்த ஆண்டுத்தொகைக் கணக்கைப் பற்றி 1725-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஹாலியின் இறப்புப் பட்டியலைப் பார்த்து, ஆட்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஒரே சீராகக் குறைந்து 86 வயதில் பூஜ்யமாகிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டார். அவரே 87 வயது வரை இருந்தார். தினம் கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கி, அது 24 மணி ஆன நாளில் இறந்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. நான் அதை நம்புவதில்லை. 86-ஐத் தாண்டியதே எனக்குப் போதுமான வேடிக்கை.

நமது விஷயத்துக்கு வருவோம். 1733-இல் அவர் ஏழு பக்கத்தில் லத்தீனில் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். 1738-இல் வந்த தன் நிகழ்தகவு நூலின் இரண்டாம் பதிப்பில் அதையே ஆங்கிலத்தில் சேர்த்தார். முதல் வேலை, நடு உறுப்பின் அளவைக் கண்டுபிடிப்பது. அதில் ஒரு மாறிலி வந்து வழிமறித்தது. 1-இலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்து, 360-இல் ஒரு பங்கைக் கூட்டி என்று நீளும் ஒரு தொடரால் அதன் மடக்கையைப் பிடித்தார். முதல் சில உறுப்புகளோடு நிறுத்தினால் மாறிலி 2.507 என்று வரும். அது இரண்டு பையின் வர்க்கமூலம், அதாவது 2.5066, என்று கண்டு சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஸ்டர்லிங். டி மோய்வர் இதை மறைக்கவில்லை, நண்பரின் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார். இப்போது 3,600-க்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக 1,800 தலை விழ நிகழ்தகவு 0.0133, ஏறத்தாழ 75-இல் ஒன்று. "சரி பாதி வரும்" என்று சத்தியம் செய்கிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்த படிதான் உயிர்நாடி. நடுவிலிருந்து தள்ளியிருக்கும் உறுப்பு, நடு உறுப்பில் எத்தனை பங்கு? விலகலை வர்க்கப்படுத்து, இரண்டால் பெருக்கு, மொத்த எண்ணிக்கையால் வகு, முன்னால் கழித்தல் குறி போடு. அதுதான் அந்த விகிதத்தின் இயல் மடக்கை. 30 தள்ளி, அதாவது 1,830-இல், 900 இரண்டு தடவை 1,800. அதை 3,600-ஆல் வகுத்தால் அரை. கழித்தல் அரையை மடக்கையாகக் கொண்ட எண் 0.6065. ஆயிரம் இலக்கக் கெழுக்கள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. இன்று நாம் வரையும் மணி வடிவம் இந்த வரிக்குள் முழுசாக இருக்கிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, இங்கே 30, என்பதைத்தான் நாம் திட்ட விலக்கம் என்கிறோம். அந்தப் பெயர் வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

61 உறுப்புகளைக் கூட்டுவதற்குப் பதில் வளைகோட்டின் கீழ்ப் பரப்பைக் கண்டார். விடை 0.682688. இரு மடங்கு விலகலுக்கு 0.95428, மும்மடங்குக்கு 0.99874 என்றும் கொடுத்தார். நமது அட்டவணைப்படி இவை 0.9545, 0.9973. கடைசி எண்ணில்தான் கொஞ்சம் சறுக்கல்.

அவர் செய்யாத ஒன்று உண்டு, என் மாணவர்களும் பரீட்சையில் விட்டுவிடுவார்கள்: அரைத் திருத்தம். 1,770-ஐயும் 1,830-ஐயும் சேர்த்து எண்ணினால் பரப்பை 1,769.5-இலிருந்து 1,830.5 வரை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 0.683 அல்ல, 0.691. நூறு முறை மட்டும் சுண்டும் பாடநூல் கணக்கில் வித்தியாசம் இன்னும் பெரிசாகும், மதிப்பெண்ணும் போகும். அதற்காக டி மோய்வருக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

சரியில்லாத நாணயத்துக்கும் இது பொருந்தும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். பெர்னூலியின் ஜாடிக் கணக்கை இந்த வழியில் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 3.29 திட்ட விலக்கம். அதை 0.02-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 0.6 பெருக்கல் 0.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6,500. பெர்னூலி கேட்டதில் கால்வாசிதான்.

பெயர் மட்டும் காஸுக்குப் போனது. 1809-இல் அவர் கிரகப் பாதைக் கணக்கில் அளவைப் பிழைகளுக்காக இதே வளைகோட்டை எடுத்தாண்டார். பின்னாளில் ஜெர்மனியின் பத்து மார்க் நோட்டில் அவர் முகமும் பக்கத்திலேயே வளைகோடும் ஏறின. டி மோய்வரின் அந்த ஏழு பக்கத்தின் மதிப்பை 1924-இல் பயோமெட்ரிகா இதழில் எடுத்துச் சொன்னவர் கார்ல் பியர்சன். அதற்குள் பாடநூல்களில் பெயர் பதிந்துவிட்டது.

அட்டவணையும் வேறு வழியாக வந்ததுதான். இந்தப் பரப்புகளுக்கு முதல் அட்டவணை தயாரித்தவர் கிரிஸ்டியன் கிராம்ப், 1799-இல், நட்சத்திர ஒளி காற்றில் வளைவதைக் கணக்கிட. இன்று தேர்வு அறையில் கையில் கொடுக்கும் தாளில் இசட் 1.00 என்ற வரிசையைப் பார்த்தால் 0.3413 என்றிருக்கும். டி மோய்வர் எழுதியது 0.341344. இரண்டு இலக்கம் கூடுதல்.