மணமும் ஊழியமும்: மறந்துபோன ஒரு பாடம்

குருமாரின் திருமணத்தைப்பற்றிப் பேசுகையில், 1525-இல் மார்ட்டின் லூத்தர் கத்தரீனா வான் போராவை மணந்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். அவ்வுரிமைக்காகப் பிழைப்பை இழந்தோரை அதிகம் நினைப்பதில்லை.

இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1549-இல், குருமார் மணம் புரிவதைச் சட்டம் அனுமதித்தது. 1553-இல் மேரி அரசியானதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. மறு ஆண்டு, மணமான குருமாரைப் பதவியினின்று விலக்குமாறு அத்தியட்சர்களுக்கு ஆணை பிறந்தது. மனைவியைப் பிரிந்தவர்கள் சிலர் வேறிடத்தில் ஊழியம் பெற்றனர், மற்றோர் வறுமையுற்றனர். லிங்கன் பேராலயத் தலைமைக் குருவான மத்தேயு பார்க்கரும் 1554-இல் தம் பதவிகளை இழந்தார். அவரே 1559-இல் கான்டர்பரி பேராயரானார். மணவாழ்வு ஒருவரின் பணித்தகுதியைப் பறிக்காது என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

ஆனால் இந்நீதி பெண்களுக்கு எளிதில் கிட்டவில்லை. நம் அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் பாலினத்தைக் குறிப்பிடுகின்றன, மணநிலையைக் குறிப்பிடவில்லை. இந்திய அயல்நாட்டுப் பணியில் 1949-இல் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா. அப்பணியிலிருந்த பெண்கள் மணம் புரிய அரசின் அனுமதி பெறவேண்டுமென விதி இருந்தது. ஆண்களுக்கு அவ்விதி இல்லை. அவர் தொடுத்த வழக்கு 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. அதற்குள் பதவி உயர்வு அவருக்கு அளிக்கப்பட்டமையால் மனு தள்ளப்பட்டது. எனினும் நீதிபதி கிருஷ்ண ஐயர் அவ்விதிகளை வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் 1981-இல் அதே நீதிமன்றம், விமானப் பணிப்பெண்கள் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரியலாகாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. மணம் புரிந்ததற்காக 1988-இல் இராணுவச் செவிலியர் பணியினின்று நீக்கப்பட்ட பெண் ஒருவருக்கு, 60 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024-இல்தான். நீதிக்கு 36 ஆண்டுகள் சென்றன.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் பவுல், மணவாழ்வையும் மணமின்மையையும் தேவன் அருளும் வரங்களாகவே காண்கிறார். நம் திருச்சபையின் பள்ளியோ மருத்துவமனையோ விடுதியோ, வேலை தேடி வரும் பெண்ணின் தகுதியை நோக்காமல், அவள் மணமானவளா, மணமாகாதவளா, கைம்பெண்ணா, கணவனைப் பிரிந்தவளா என்று பார்த்து முடிவு செய்யுமாயின், பார்க்கரைப் பதவி நீக்கிய அளவுகோலையே நாமும் கையில் எடுத்தவர்களாவோம். சட்டம் கட்டாயப்படுத்துமுன் அதைக் கீழே வைப்பது, அவருடைய வழிவந்த நமக்குத் தகும்.